உங்கம்மா உள்ள போயிருக்கா

போன வருடத்துக்கு முந்திய வருடம், ஐப்பசி மழை கண்டியை விட்டுப் போக மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. அன்றைக்கு அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக். காலையில் அம்பிட்டியவில் பஸ் ஏறிப் போனால், வரிசையில் நின்று டொக்டரைப் பார்த்து மருந்தும் எடுத்து முடிவதற்குள் பகல் தாண்டிவிடும்.

அப்பாவை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பது லேசான காரியமில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்பார். அவர் பதில் சொல்லி முடித்ததும், "சரி சரி, நீங்க எந்தத் தோட்டம்?" என்பார். நல்ல மனிதர்கள் மறுபடியும் சொல்வார்கள். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "இவ வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்" என்று அம்மா என் காதுபடவே சொல்வாள்.

அப்பா ஹந்தானைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தவர். அம்மா அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஊரே அவளை டீச்சர் என்று கூப்பிட்டதால் அப்பாவும் அப்படித்தான் கூப்பிடுவார். கட்டின பெண்டாட்டியை "டீச்சர், தண்ணி சுட்டிருச்சா?" என்று கேட்கிற ஒரே புருஷன் எங்கள் அப்பாதான் என்று சித்திமார்கள் கேலி பண்ணுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அம்பிட்டியவில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கொழும்பில் இருக்கிற அண்ணனுக்கு டெலிபோனில் புத்தி சொல்வது மட்டும் பொறுப்பு.

அப்பாவுக்கு மறதி வந்து கொஞ்ச காலத்தில் அம்மா தவறிவிட்டாள். நான் சொல்லும் இந்தச் சம்பவத்துக்கு ஒரு வருடம் முன்னால். அடக்கத்துக்கு அப்பா வந்தார், குழியில் முதல் பிடி மண் போட்டதும் அவர்தான். ஆனால் கருமாதி முடிவதற்குள்ளேயே கேட்க ஆரம்பித்துவிட்டார். "டீச்சர் எங்க? இன்னும் பள்ளிக்கூடம் விடலியா?"

உண்மையைச் சொல்லிப் பழக்கு, அப்போதுதான் மனதில் நிற்கும் என்றான் அண்ணன். சொன்னேன். ஐயோ, அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது? அந்த நிமிஷம்தான் அம்மா செத்துப்போன மாதிரி அழுதார். அழுகையைவிட மோசம், அதற்குப் பிறகு வந்த கேள்வி. "என்கிட்ட ஏன் சொல்லல? நான் ஒரு பிடி மண்ணு போட வேணாமா? என்னை விட்டுட்டு அடக்கம் பண்ணிட்டீங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். நீங்கதான்ப்பா போட்டீங்க என்றால் நம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் மறந்து போனது. அடுத்த நாள் மறுபடி கேட்டார், நான் மறுபடி சொன்னேன், மறுபடி அதே அழுகை. இப்படிச் சில தடவை நடந்த பிறகு, இனி இந்த மனிதரை இதைக் கேட்க வைக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். என் வாயால் மட்டுமில்லை, யார் வாயாலும். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். டீச்சர் எங்கே என்று கேட்டால் கடைக்கு, கோயிலுக்கு, கொழும்புக்கு. அம்மா உயிரோடு இருந்தபோது போகாத இடமெல்லாம் போய் வந்தாள்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். மருந்தை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனோம். அப்பா பொன்னாங்கண்ணிக் கீரை வேண்டும் என்றார். இரண்டு கட்டு வாங்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த துணிப்பையில் போட்டேன். பையை நான் தூக்குகிறேன் என்றால் விடவில்லை. "கீரைப் பைய நான்தான் வச்சிக்கணும்" என்றார். அப்போதே எனக்கு ஏதாவது உறைத்திருக்கலாம். உறைக்கவில்லை.

பஸ்ஸுக்கு நடந்து போகும்போது மழை கொட்டத் தொடங்கியது. குடை இருந்தும் இல்லாத மாதிரி. அப்பாவுக்குச் சளி பிடித்தால் அப்புறம் நான்தான் அவஸ்தைப்பட வேண்டும். எங்கே ஒதுங்கலாம் என்று பார்த்தால் பக்கத்திலேயே அந்தப் பழைய வங்கிக் கட்டிடம். வெள்ளைக்காரன் காலத்துத் தூண்கள், பெரிய மரக்கதவு. வங்கி புதுக் கட்டிடத்துக்குப் போய் வெகுகாலம். பழைய கட்டிடத்தை இடிக்காமல், உள்ளே இருந்ததையெல்லாம் இருந்தபடியே வைத்து மியூசியமாக்கியிருந்தார்கள். மழைக்கு ஒதுங்க மியூசியத்தைவிட நல்ல இடம் ஏது? அப்பாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே ஒரே மங்கல். மழை இருட்டு வேறு. நீளமான மரக் கவுண்டர், அதன்மேல் பித்தளைக் கம்பிகள், கம்பிக்குப் பின்னால் கோட் போட்ட ஒரு கிளாக்கர் பொம்மை. சுவரில் ஓடாத மணிக்கூடு. மெழுகு பூசின மரத்தின் வாசனை. எங்களைப் போல மழைக்கு ஒதுங்கின ஒரு சோடி ஒரு மூலையில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு வயதான காவல்காரர் இருந்தார். உள்ளே, சேலை கட்டி கழுத்தில் அடையாள அட்டை மாட்டின ஒரு சிங்களப் பெண் இருந்தாள். என் வயதிருக்கும். ஆட்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. சிரித்து, நனையாமல் உள்ளே வாங்க என்று சிங்களத்தில் சொன்னாள்.

நான் குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா பக்கத்தில் இல்லை. பார்த்தால், கவுண்டருக்கு எதிரே சுவரோரம் போட்டிருந்த நீள மர வாங்கில் போய் உட்கார்ந்திருக்கிறார். முதுகு நேராக இருக்கிறது, கீரைப் பை மடியில், இரண்டு கையும் பையின் மேல். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டு நகை இருந்தது இந்த வங்கியில்தான். நகை என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். அம்மாவின் தாலிக்கொடி தவிர்ந்த கொஞ்சம். ஆனால் லயத்து வீட்டுக் கதவுக்கு ஒரு கொக்கிதானே, தோட்டத்தில் எங்கே பத்திரமாக வைப்பது? அதனால் அம்மா தன் பெயரில் இங்கே ஒரு பெட்டி எடுத்திருந்தாள். எந்தக் கல்யாணம், சடங்கு வந்தாலும் இரண்டு பேரும் டவுனுக்கு வருவார்கள். முதலில் மார்க்கெட்டில் கீரை. பிறகு வங்கி. பெட்டி அம்மா பெயரில் இருப்பதால் அவள் மட்டும் உள்ளே போவாள். அப்பா கீரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு இந்த வாங்கில் காத்திருப்பார். அம்மா நகையை ஒரு துணியில் முடிந்து கொண்டு வருவாள். அது பையின் அடியில் போகும், மேலே கீரை. இப்படிக் கீரைக்கட்டு எட்டிப் பார்க்கிற பையைத் தோட்டத்து பஸ்ஸில் எந்தக் கள்ளன் திரும்பிப் பார்ப்பான்? வெளியே கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் நகை எடுக்கப் போகிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, "கீரை வாங்கப் போறோம்" என்பதுதான் பேச்சு.

இப்போது பாருங்கள். கீரை, பை, வங்கி, வாங்கு, எல்லாம் சரியாக இருக்கிறது. நானே அவரைக் கூட்டி வந்து உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது.

"அப்பா, மழை விட்டதும் போயிருவோம், வாங்க, வாசப்பக்கம் நிப்போம்" என்றேன்.

"உங்கம்மா உள்ள போயிருக்கா. வரட்டும்."

"அம்மா வீட்டுலப்பா."

"யாரு சொன்னா? இங்கதான உள்ள போனா. இங்கயே இருங்க, வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போனா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, கவுண்டரில் இருந்த பொம்மையைக் கண்ணால் காட்டினார். "அந்தாளுகிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன், டீச்சர் முடிச்சிட்டாங்களான்னு. நிமிந்து பாக்க மாட்டேங்கிறான். பேங்க்காரனுக என்னைக்குத்தான் நம்மள நிமிந்து பாத்தானுக."

வேறு ஒரு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மழை விட்டபாடில்லை. அது ஒரு சாக்கு. ஆனால் மழை குறைந்த பிறகும் அப்பா அசையவில்லை. கெஞ்சினேன். பஸ் போய்விடும் என்றேன். மருந்து சாப்பிடும் நேரம் என்றேன். கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தபோது என்னை உதறிவிட்டார். "பொம்பளைய உள்ள விட்டுட்டு எந்த ஆம்பளயாவது போவானா? உனக்கு அறிவிருக்கா பாப்பா?" என்று சத்தம் போட்டார். மூலையில் நின்ற சோடி திரும்பிப் பார்த்தது. காவல்காரர் ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கியிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஆத்திரம் பொங்கி வந்தது. அப்பா மீதா, மழை மீதா, செத்துப்போன அம்மா மீதா என்று தெரியவில்லை. ஒரே ஒரு வசனம் சொன்னால் அவர் எழுந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அந்த வசனம் நாக்கு நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் உதவி செய்வாள் என்று நினைத்து அவளிடம் போனேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. சிங்களத்தில் அவசர அவசரமாகச் சொன்னேன், அப்பா எழும்ப மாட்டேன் என்கிறார், அம்மா உள்ளே இருக்கிறாள் என்று நினைக்கிறார், ஆனால் அம்மா "நெத்தி வுனா" என்று.

அவள் முகம் மாறியது. "ஐயோ, பயப்படாதீங்க. தேடுவோம். இந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே போயிருக்க மாட்டாங்க" என்றாள். நான் விழித்துக்கொண்டு நிற்கும்போதே வாசல் பக்கம் திரும்பி, காவல்காரருக்குக் கேட்கும்படி சத்தமாகக் கூப்பிட்டுச் சொன்னாள், இவங்க அம்மா "நெத்தி வுனா", கதவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

அப்போதுதான் நான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று புரிந்தது. சிங்களத்தில் பெற்றவளைச் செத்துப்போனாள் என்று முகத்தில் அடித்த மாதிரி யாரும் சொல்வதில்லை. மரியாதையாக "நெத்தி வுனா" என்பார்கள். இல்லாமல் போய்விட்டாள் என்று அர்த்தம். ஆனால் சாவி தொலைந்தாலும் அதே சொல்தான். பெரஹரா ஊர்வலக் கூட்டத்தில் பிள்ளையைக் காணாமல் தவிக்கிறவளும் அதையேதான் சொல்லி அழுவாள். நாம் தவறிவிட்டாங்க என்கிறோமே, அந்த மாதிரி. நான் மரியாதைச் சொல்லைச் சொன்னேன், அவள் காதில் அம்மா காணாமல் போனதாக விழுந்தது. கண்டியில் பிறந்து வளர்ந்து, தினம் அந்தப் பாஷையைப் பேசுகிற எனக்கு இப்படி ஒரு பிழை.

ஆனால் அது முக்கியமில்லை. அப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவள் சத்தம் போட்டது அவர் காதில் விழுந்துவிட்டது.

அப்பா மெதுவாகத் தலையைத் தூக்கினார். "நெத்தி வுனாவா?" என்றார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு வருடமாக நான் எதை அவர் காதில் விழவிடாமல் பொத்திப் பொத்தி வைத்தேனோ, அதை நானே ஒரு அந்நியப் பெண்ணின் வாயால் சொல்ல வைத்துவிட்டேன். இதோ அந்த முகம் வரப்போகிறது, ஒரு பிடி மண்ணு போட வேணாமா என்று கேட்கப் போகிறார், இந்த நடு மண்டபத்தில்.

அப்பாவின் நெற்றி சுருங்கியது. பிறகு, "காணாமப் போயிட்டாளா?" என்றார். "அதான பாத்தேன். இவ்வளவு நேரமா ஆளக் காணோமேன்னு. இந்தக் கட்டிடத்துல எல்லாக் கதவும் ஒரே மாதிரி. டீச்சருக்குத் திசையே தெரியாது, பேராதனைக்குப் போகச் சொன்னா மாத்தளை பஸ்ல ஏறுவா." கீரைப் பையோடு விருட்டென்று எழுந்துவிட்டார். "வா பாப்பா. தேடணும்."

தேடினோம். வேறு என்ன செய்வது? அந்தப் பெண் முன்னால் போனாள், அப்பா பின்னால், நான் கடைசியில். கவுண்டருக்குப் பின்னால் போய் மேசைகளுக்கு அடியிலெல்லாம் பார்த்தார் அப்பா. "டீச்சர்... டீச்சர்..." என்று கூப்பிட்டார். அந்த உயரமான கூரையில் அந்தச் சத்தம் முட்டிவிட்டுத் திரும்பி வந்தது. அப்பா அதைப் பதில் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் நின்று காது கொடுத்தார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

மேல்மாடிக்குப் படியேறும்போது அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அப்பா ஏற்கனவே மேலே போய்விட்டார். காதோடு காதாகச் சொன்னேன். நான் சொன்னது அப்படியில்லை, அம்மா இங்கே தொலையவில்லை, போன வருடம் ஆஸ்பத்திரியில், என்று அதற்கு மேல் சொல்ல வரவில்லை. அந்த ஒரு வருடத்தில் நான் யார் முன்னாலும் அழுதவள் இல்லை. அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவள் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். எங்கள் நேரத்தை வீணடித்தாய், இது என்ன விளையாட்டா என்று கேட்டிருந்தாலும் நியாயம்தான். மேலே அப்பா ஒரு கதவைத் திறந்து, "டீச்சர்" என்று கூப்பிடுவது கேட்டது.

"இப்ப நிறுத்தினா அவருக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாள்.

நான் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அப்ப தேடுவோம். ஒரு இடமும் விடாம தேடுவோம். தேடிப் பாக்காம எப்படி வீட்டுக்குப் போவார்?" என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறினாள். மேலே போனதும் அவளும் கூப்பிட்டாள். "டீச்சர்! டீச்சர்!" என்று. இல்லாத ஆளைக் கூப்பிடுகிறோம் என்று தெரிந்துகொண்டே கூப்பிட்டாள், ஆனால் அந்தக் குரலில் ஒரு பொய்யும் இருக்கவில்லை.

மேலே மெனேஜர் அறை. பெரிய மேசை, கதிரை, ஒரு அலுமாரி. அப்பா அலுமாரியைத் திறந்து பார்த்தார். அவள் அதைத் தடுக்கவில்லை. "அம்மா என்ன நிறச் சேலை, மாத்தயா?" என்று அப்பாவிடம் கேட்டாள். மாத்தயா என்றால் ஐயா. ஊதா நிறத்தில் வெள்ளைக் கரை என்று அப்பா சட்டென்று சொன்னார். கையில் கறுப்புக் குடை, கம்பி ஒன்று உடைந்தது என்றும் சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது. அந்தக் குடைக்குக் கம்பி உடைந்தது தெரிகிறது. அவள் தலையாட்டிக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

கடைசியாக மிஞ்சினது கீழே, பின்னாலிருந்த பெட்டக அறை. ஒரு ஆள் உயரத்துக்கு மேல் இரும்புக் கதவு, ஒரு முழம் தடிப்பு. பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்க்கத்தான் அனுமதி, குறுக்கே கயிறு கட்டியிருந்தது. அவள் கயிற்றை அவிழ்த்துவிட்டு உள்ளே விளக்கைப் போட்டாள். அப்பா மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வாங்க மாத்தயா."

"இல்ல, நான் வரக் கூடாது" என்றார் அப்பா. "பெட்டி டீச்சர் பேருல. என் பேருல இல்ல. நான் வெளிய இருக்கிற ஆளு."

அவள் கொஞ்சம் திகைத்தாள். பிறகு நிமிர்ந்து, வங்கியின் பெரிய அதிகாரி மாதிரி, "இன்னைக்கு வரலாம். நான் சொல்றேன்" என்றாள்.

அப்பா கீரைப் பையை என்னிடம் நீட்டினார். அன்று முழுக்கக் கையைவிட்டு இறக்காத பை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். எத்தனையோ கல்யாணத்துக்கு இந்த வங்கிக்கு வந்த மனிதர், அம்மா ஒவ்வொரு தடவையும் போய் வந்த அந்த அறைக்குள் முதல் தடவையாக அன்றைக்குத்தான் கால் வைத்தார்.

மூன்று பக்கச் சுவரிலும் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள். எல்லாவற்றின் கதவும் திறந்து கிடந்தது. எங்கள் பெட்டி எது என்று அப்பாவுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் நேராகக் கீழ் வரிசைக்குப் போய்க் குனிந்தார். "கீழப் பெட்டியத்தான் குடுத்திருக்கானுக, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் புலம்புவாளே, அது அவருக்கு மறக்கவில்லை. கீழ் வரிசையில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கையை விட்டுத் துழாவினார். கஷ்டப்பட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பெண்ணும் சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் குந்தினாள். அடுத்தது, அடுத்தது என்று இரண்டு பேரும் தரையோடு தரையாக நகர்ந்து போனார்கள். ஒரு பெட்டிக்குள் அப்பாவின் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு எடுத்து, உள்ளங்கையைப் பார்த்தார். வெறும் தூசு.

"ஒன்னுமில்ல" என்றார் என்னிடம். "எல்லாத்தையும் எடுத்துட்டா. ஒரு குண்டுமணி கூட வைக்கல."

அது உண்மைதான். வங்கி இடம் மாறப் போகிறது என்று சொன்னபோது அம்மாவே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அதெல்லாம் அவளுடைய வைத்தியத்துக்கே போயிற்று. அப்பா சுவரைப் பிடித்து எழுந்தார். அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். "எல்லாத்தையும் எடுத்துட்டான்னா, இனி இங்க வர வேலையில்ல" என்றார். நான் சொல்லாமலே வாசலை நோக்கி நடந்தார்.

வெளிக்கதவடியில் தூறல் மட்டும் மிச்சமிருந்தது. காவல்காரர் எங்களுக்காகத்தான் கதவைச் சாத்தாமல் காத்திருந்தார். அப்பா படியில் ஒரு காலை வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். மறதி வந்த பிறகு அவர் கண்ணில் எப்போதும் ஒரு பராக்கு இருக்கும். அந்த நிமிஷம் அது இல்லை.

"நெத்தி வுனா நே, துவ?" என்று கேட்டார். இல்லாமல் போய்விட்டாள்தானே மகளே என்று.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அதுவரை மாத்தயா, மாத்தயா என்று கூப்பிட்டவள், "ஔ தாத்தே. நெத்தி வுனா" என்றாள். தாத்தே என்றால் சிங்களத்தில் அப்பா.

அப்பா தலையை ஆட்டினார். அழவில்லை. என்னைத் திட்டவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. குடைக்குள் வந்து நின்றுகொண்டார். எந்த அர்த்தத்தில் கேட்டார், அவள் எந்த அர்த்தத்தில் பதில் சொன்னாள் என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அவள் பெயரைக் கூட நான் கேட்டு வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் கையிலிருந்த பையை வாங்கிக் குசினி மேசையில் வைத்துக் கீரைக் கட்டுகளை வெளியே எடுத்தார். பிறகு பையின் அடியில் கையை விட்டுப் பார்த்தார். பையை உதறி, நாலாக மடித்து ஓரமாக வைத்தார். அம்மா இருந்த காலத்தில் குசினிப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர், அன்றைக்கு உட்கார்ந்து அத்தனை கீரையையும் தனியாக ஆய்ந்து முடித்தார். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு அப்பா அம்மாவைக் கேட்கவேயில்லை. நம்ப மாட்டீர்கள். என் பெயர் மறந்து போனது, அண்ணனை யாரோ என்று பார்த்தார், சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்டார். ஆனால் "டீச்சர் எங்க?" என்ற கேள்வி மட்டும் அந்த வங்கியோடு நின்றுவிட்டது. அண்ணனிடம் சொன்னேன். நல்லதுதானே, உனக்குத் தொல்லை விட்டது என்றான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நாள் போகப் போகத்தான் தெரிந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் அம்மா கடைக்கோ கோயிலுக்கோ போயிருந்தாள். அவர் கேட்பதை நிறுத்தின பிறகுதான் எங்கள் வீட்டில் அம்மா செத்துப்போனாள். சில நாட்களில் நானே வாய் தவறின மாதிரி, "அம்மா எங்கப்பா?" என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்த வருடம் அப்பாவும் போய்விட்டார். அந்தப் பெண்ணை நினைக்காத நாளில்லை. உண்மையைச் சொல்லவும் தைரியமில்லாமல், பொய்யைச் சொல்லவும் தெம்பில்லாமல் நான் தவித்துக்கொண்டு நின்றபோது, ஒன்றையும் சொல்லாமல் அவரோடு சேர்ந்து தேடினாளே, அது என் ரத்தத்தில் பிறந்த அண்ணனுக்கு வரவில்லை, எனக்கும் வரவில்லை. அவரோடு கூட நடந்து தேட ஒரு ஆள் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

இப்போது என் மருந்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, கிளினிக்கில் தெரிந்தவர்கள் சிங்களத்தில் அப்பா எங்கே என்று கேட்டால், எனக்கும் அந்த ஒரே சொல்தான் இருக்கிறது, "நெத்தி வுனா". அதைச் சொன்ன கையோடு, ஆஸ்பத்திரி வாசலில் வந்து போகிற அத்தனை கூட்டத்தையும் ஒரு தடவை திரும்பிப் பார்க்காமல் இன்றுவரை என்னால் பஸ் ஏற முடியவில்லை.